குரல் ஒரு சாவியாகுமா?

மனிதனை மனிதன் அறிந்துகொள்ளும் வழிகள் பல. முகத்தைக் கண்டு அறிகிறோம். நடையைக் கண்டு அறிகிறோம். கையெழுத்தைக் கண்டு அறிகிறோம். கண்ணுக்கு வேலையில்லாத இடத்திலும் நம்மைக் கைவிடாத அடையாளம் ஒன்று உண்டு. அதுவே குரல். இருட்டிலே கதவைத் தட்டுகிறவரை நோக்கி, "யார்?" என்று கேட்கிறோம். "நான்தான்" என்று விடை வருகிறது. அந்த விடையிலே பெயர் இல்லை, ஊர் இல்லை, உறவும் இல்லை. எனினும் தாழ்ப்பாளை நீக்கிவிடுகிறோம். "நான்தான்" என்னும் சொல்லை உலகில் எவரும் சொல்லலாம். நாம் நம்பியது சொல்லையன்று, அதைச் சொன்ன குரலை.

எங்கள் புளியங்குடி எலுமிச்சை வாணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து சந்தைக்கு வரும் காய்கள், மலைக்கு அப்பாலுள்ள கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் செல்கின்றன. வெளியூர் வியாபாரி தொலைபேசியில் விலை கேட்கிறார், இத்தனை மூட்டை வேண்டும் என்கிறார், லாரி புறப்பட்டுவிடுகிறது. பத்திரம் இல்லை, கையொப்பம் இல்லை. பழகிய குரலே பத்திரமும் கையொப்பமும் ஆகிறது. வளைகுடா நாட்டிலே உழைக்கும் மகன் ஊரிலுள்ள தாயிடம் பேசுவதும் இப்படித்தான். "அம்மா" என்று அவன் அழைத்த மாத்திரத்தில், அவன் உண்டானா, உறங்கினானா என்பதைக்கூட அத்தாய் அறிந்துவிடுகிறாள்.

இத்தகைய நம்பிக்கையை இக்காலத்தில் யந்திரங்களிடமும் ஒப்படைத்துவிட்டோம். குரலைக் கேட்டு ஆளை அறிந்து, வங்கிக் கணக்கைத் திறந்துவிடும் ஏற்பாடுகள் பல நாடுகளில் வந்தன. நம் நாட்டிலும் ஐசிஐசிஐ வங்கி 2015-ஆம் ஆண்டில் தன் தொலைபேசிச் சேவையில் இம்முறையைப் புகுத்தியது. ஆகவே, குரலைத் திருட இயலுமா, திருடினால் என்ன காவல் என்பன இன்று நாம் ஆராயவேண்டிய கேள்விகளாகும்.

கேள்வி புதிதன்று. இராமாயணத்திலே மாரீசன் அம்பு பட்டு வீழும்போது இராமபிரானின் குரலில் அபயக்குரல் எழுப்பினான். சீதை அக்குரலை உண்மையென்றே நம்பினாள். அதனால் விளைந்த துன்பம் உலகறிந்தது. ஆனால் இலக்குவன் ஏமாறவில்லை. என்ன காரணம்? அவனுடைய செவி சீதையின் செவியைவிடக் கூர்மையானது என்பதா? அன்று. குரல் எப்படி ஒலித்தது என்பதோடு அவன் நின்றுவிடவில்லை. அக்குரல் சொன்ன செய்தி நடக்கக்கூடியதா என்று எண்ணிப் பார்த்தான். தமையனின் ஆற்றலை அறிந்தவன் ஆதலால், இராமன் இவ்வாறு அலறமாட்டான் என்று தெளிந்தான்.

விவிலியத்தின் ஆதியாகமத்தில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. பார்வை மங்கிய ஈசாக்கு, மூத்த மகன் ஏசாவை ஆசீர்வதிக்கக் காத்திருக்கிறார். இளையவன் யாக்கோபு, கைகளில் ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு, அண்ணனைப்போல வந்து நிற்கிறான். குரல் யாக்கோபினுடையதாக இருக்கிறதே என்று கிழவருக்கு ஐயம் எழுகிறது. ஆனால் தடவிப் பார்த்த கை ஏசாவின் கையைப்போல் மயிரடர்ந்திருக்கிறது. கையை நம்பிக் குரலைத் தள்ளிவிடுகிறார். அங்கே குரல் உண்மை பேசியது. தொடுகை பொய் பேசியது. இரண்டு சாட்சிகள் முரண்படும்போது ஒன்றை மட்டும் ஏற்று மற்றொன்றைப் புறக்கணிப்பது ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இனி, குரல் என்பது யாது என்று பார்ப்போம். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறக்கிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கியுள்ளார். இன்றைய விஞ்ஞானமும் ஏறக்குறைய இவ்வழியிலேயே செல்கிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையிலுள்ள நாண்களை அதிரச் செய்கிறது. பேசும்போது இவ்வதிர்வு ஆடவர்க்கு ஏறக்குறைய விநாடிக்கு 100 முதல் 120 வரையிலும், பெண்களுக்கு 200 அளவிலும் இருப்பது வழக்கம். அங்கே பிறந்த ஒலி தொண்டை, வாய், மூக்கு என்னும் குழாய்களின் வழியே வருகிறது. வளர்ந்த ஆடவரின் குரல்வளையிலிருந்து இதழ் வரையுள்ள நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். நாயனத்தின் நீளமும் துளையும் மாறினால் நாதம் மாறுவதுபோல, இக்குழாயின் நீளமும் வடிவும் ஆளுக்கு ஆள் மாறுவதால் குரலும் மாறுகிறது. இவற்றோடு, பிறந்த ஊரும் வளர்ந்த வீடும் நாவிலே பதித்த பழக்கம் சேர்கிறது. நெல்லைத் தமிழ் பேசுபவரைச் சென்னையிலே பத்துச் சொற்களுக்குள் கண்டுகொள்வது அதனால்தான்.

குரலைப் படமாக வரையும் கருவியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1940-களில் அமைத்தனர். அக்கூடத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கெர்ஸ்டா என்பவர், 1962-இல் 'நேச்சர்' இதழில், கைரேகையைப்போலவே குரல்ரேகையும் உண்டு என்றும், அதைக்கொண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சரியாக ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றும் எழுதினார். அமெரிக்க நீதிமன்றங்கள் சில இதனை ஏற்றன, சில மறுத்தன. ஆயினும் 1979-இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழு ஒன்று ஆராய்ந்து, வழக்குகளில் இம்முறையை மிகுந்த எச்சரிக்கையுடனேயே கையாளவேண்டும் என்று அறிவித்தது.

ஏன்? கைரேகை நாம் பிறக்குமுன்பே அமைந்துவிடுகிறது. மகிழ்ந்தாலும் அழுதாலும் அது மாறுவதில்லை. குரலோ அவ்வாறன்று. குற்றாலத்துச் சாரலிலே நனைந்து சளி பிடித்தவனுடைய குரல், முதல் நாள் குரலன்று. கோபத்தில் ஒரு குரல், அச்சத்தில் ஒரு குரல், இருபது வயதில் ஒரு குரல், எழுபதில் ஒரு குரல். கைரேகை உடலின் ஓர் உறுப்பு. குரலோ உடல் செய்யும் ஒரு செயல். செயல் என்றால் அது ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபடும். மற்றொருவர் அதைப் பழகிக்கொள்ளவும் கூடும்.

இன்றைய கணிப்பொறி குரலை எவ்வாறு அறிகிறது? முதலில், உரியவரின் பேச்சைப் பதிவு செய்துகொள்கிறது. அதனை விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு அளவுள்ள சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வுகள் எவ்வளவு வலிமையோடு உள்ளன என்று அளந்து, எண்களின் வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கிறது. பின்னர் ஒருவர் வந்து பேசும்போது, அவர் குரலையும் அவ்வாறே எண்களாக்கி, இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மதிப்பெண் இடுகிறது. குறித்த எல்லைக்கு மேல் மதிப்பெண் வந்தால் கதவு திறக்கும், இல்லையேல் திறவாது.

இதிலே நீங்கள் கருதவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கடவுச்சொல் என்பது சரி அல்லது தவறு, இடைநிலை இல்லை. குரலிலோ "ஏறக்குறைய ஒத்திருக்கிறது" என்பதே விடை. எனவே எல்லையை எங்கே வைப்பது என்பது பெரிய சிக்கல். சல்லடையின் கண்ணைப் பெரிதாக வைத்தால் அரிசியோடு கல்லும் இறங்கும். சிறிதாக வைத்தால் கல் தங்கும், அரிசியும் தங்கிவிடும். எல்லையைத் தளர்த்தினால் வஞ்சகன் நுழைகிறான். இறுக்கினால் சளி பிடித்த உரியவரே வாசலில் நிற்கிறார். நூறு போலிகளில் ஒன்றை மட்டுமே ஏற்கும் யந்திரம் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு வஞ்சகன் நூறு கணக்குகளில் முயன்றால், சராசரியாக ஒன்று அவனுக்குத் திறந்துவிடும் அல்லவா? தொலைபேசியின் குறையும் இதனோடு சேர்கிறது. பழைய தொலைபேசித் தடம் விநாடிக்கு 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளையே கடத்தும். ஆளை ஆளினின்றும் பிரித்துக் காட்டும் நுண்ணிய ஒலிகளில் ஒரு பகுதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

யந்திரம் வருவதற்கு முன்பே, குரலை நம்பியதால் நம் நாட்டில் நிகழ்ந்த பெருமோசடி ஒன்றை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1971-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், தில்லி பாராளுமன்ற வீதியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. முதலில் பேசியவர் தம்மைப் பிரதமரின் செயலாளர் ஹக்சர் என்றார். அடுத்துப் பிரதமர் இந்திரா காந்தியின் குரல் கேட்டது. வங்காள தேச விவகாரத்தின் பொருட்டு 60 இலட்சம் ரூபாய் இரகசியமாக உடனே வேண்டும் என்றும், பணம் பெற வருபவர் இன்ன குறிச்சொல்லைச் சொல்வார் என்றும் கட்டளை பிறந்தது. காசாளர் பணத்தை எடுத்துச் சென்று, குறிச்சொல் சொன்னவரிடம் ஒப்படைத்தார். பின்னர்ப் பற்றுச்சீட்டுக் கேட்கப் போன இடத்திலேதான், அத்தகைய கட்டளை எதுவும் பிறக்கவில்லை என்பது தெரிந்தது. பணம் பெற்றவர் ருஸ்தம் சோராப் நகர்வாலா என்னும் முன்னாள் இராணுவ அதிகாரி. அன்றே அவர் பிடிபட்டார். பணத்தில் பெரும்பகுதி மீட்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்குச் சில நாட்களுக்குள்ளேயே நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1972 மார்ச்சில் காவலில் இருந்தபோதே அவர் இறந்துபோனார். பின்னர் 1977-இல் நீதிபதி ஜகன்மோகன் ரெட்டியின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. இவ்வழக்கைச் சூழ்ந்த ஐயங்கள் இன்றளவும் முற்றத் தீர்ந்தபாடில்லை.

அரசியல் ஐயங்கள் ஒரு புறம் நிற்க. வழக்கின் ஏடுகள் கூறும் நிகழ்ச்சியிலிருந்து மாணவர்கள் கற்கவேண்டியவை மூன்று. முதலாவது, குரல் தனித்து வரவில்லை. அதிகாரம், அவசரம், இரகசியம் என்னும் மூன்று துணைகளோடு வந்தது. "நான் பெரியவன், உடனே செய், யாரிடமும் சொல்லாதே" என்பதே அன்றும் இன்றும் வஞ்சகரின் மந்திரம். இரண்டாவது, குறிச்சொல் ஒன்று இருந்தது. ஆனால் அதைக் கொடுத்தவரும் அதே தொலைபேசியில் பேசிய அதே ஆள்தான். பூட்டையும் சாவியையும் திருடனே கொண்டுவந்து தருவானாகில், அப்பூட்டினால் யாது பயன்? மூன்றாவது, பிரதமரின் அலுவலகத்துக்கு மீண்டும் ஒருமுறை தாமாகவே தொலைபேசி செய்து கேட்டிருந்தால், வஞ்சகம் அந்தக் கணத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.

யந்திரத்தின் காலத்துக்கு வருவோம். 2017-இல் பிபிசி நிறுவனத்தின் செய்தியாளர் டான் சிம்மன்ஸ் என்பவர், எச்எஸ்பிசி வங்கியின் குரல் காவலைச் சோதித்துப் பார்த்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் தொலைபேசியில் அவரைப்போலப் பேசினார். இருவரும் முற்றும் ஒத்த உருவுடைய இரட்டையர் அல்லர். சில முறை தோற்றபின், யந்திரம் கதவைத் திறந்துவிட்டது. கணக்கிலிருந்த தொகையைச் சகோதரரால் அறிய முடிந்தது. இங்கே தவறு குரலை அளந்த கணக்கில் மட்டும் இல்லை. மீண்டும் மீண்டும் முயல விட்டதிலும் இருந்தது.

இது மனிதன் மனிதனை நடித்துக் காட்டிய வகை. இரண்டாவது வகை, ஒருவர் பேசியதைப் பதிவு செய்து மீண்டும் ஒலிப்பது. 1877-இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்ட நாளிலிருந்தே இதற்கு வழி உண்டு. மூன்றாவது வகையே இன்று நம்மைத் திகைக்கச் செய்வது. செயற்கை நுண்ணறிவு, ஒருவருடைய பேச்சின் சிறு மாதிரியைக் கேட்டுக்கொண்டு, அவர் ஒருபோதும் பேசாத வாக்கியங்களை அவர் குரலிலேயே பேசுகிறது. மூன்று விநாடி மாதிரியே போதும் என்று மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் தம் யந்திரத்தைப்பற்றி அறிவித்தனர். அடுத்த மாதமே ஜோசப் காக்ஸ் என்னும் பத்திரிகையாளர், கணிப்பொறி ஆக்கிய தம் குரலைக்கொண்டே, பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கியிலிருந்த தம் கணக்கைத் திறந்து காட்டினார். வங்கி யந்திரம் மட்டுமா ஏமாந்தது? 2019-இல் பிரிட்டனின் எரிசக்தி நிறுவனம் ஒன்றின் தலைவர், ஜெர்மனியிலிருந்த மேலதிகாரியின் குரலைக் கேட்டு 2,20,000 யூரோவை அனுப்பிவிட்டார் என்ற செய்தி அவ்வாண்டில் வெளியாயிற்று.

கடவுச்சொல்லுக்கும் குரலுக்கும் உள்ள பெரும் வேற்றுமையை இங்கே எண்ணிப் பாருங்கள். கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். குரல் களவு போனால் வேறு குரலுக்கு எங்கே போவது? மேலும், கடவுச்சொல்லை மறைத்து வைக்கலாம். குரலையோ நாள்தோறும் கடைவீதியிலும் கல்யாணப் பந்தலிலும் இறைத்துக்கொண்டே செல்கிறோம். மறைக்க முடியாததும் மாற்ற முடியாததும் ஆகிய ஒன்றைத் தனிச் சாவியாக்குவது முறையன்று என்பது என் கருத்து.

அதற்காகக் குரலறியும் சாதனங்களே வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும், பார்வையற்றவர்க்கும் அவை பெருந்துணை. காவலைப் பலப்படுத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. யந்திரம் முன்பின் அறிவிக்காத சொற்றொடரைக் கொடுத்து உடனே சொல்லச் செய்தால், பழைய ஒலிப்பதிவு பயன்படாது. உயிருள்ள வாய் ஒலிவாங்கியின் முன் பேசும்போது மூச்சுக்காற்று மோதும் ஓசை உண்டு. ஒலிபெருக்கிக்கு மூச்சு இல்லை. இத்தகைய நுண்ணிய அடையாளங்களைத் தேடும் முறைகளை ஒப்பிட்டுச் சோதிக்க, 'ஏஎஸ்வி ஸ்பூஃப்' என்னும் பன்னாட்டு ஆய்வுப் போட்டி 2015 முதல் பலமுறை நடந்துள்ளது. ஆயினும் போலியைக் கண்டுபிடிக்கும் கலை வளர வளர, போலி செய்யும் கலையும் உடன் வளர்கிறது. ஆதலால் குரலோடு இன்னொரு சாட்சியையும் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை. கையிலுள்ள செல்பேசி, மனத்திலுள்ள எண், குரல் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்தாலன்றிக் கதவு திறவாது என்று அமைப்பது நலம்.

தமிழ்நாட்டிலும் இக்கலையின் இரு முகங்களைக் கண்டோம். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 'லால் சலாம்' படப் பாடலொன்றுக்காக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் 2024-இல் செயற்கையாக உயிர்ப்பித்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். அவ்வாண்டிலேயே மறைந்த முதலமைச்சர்கள் மு. கருணாநிதி, ஜெயலலிதா ஆகியோரின் குரல்களும் செயற்கையாக ஆக்கப்பட்டுக் கட்சியினரால் ஒலிக்கப்பட்டன. கேட்பவர் இது செயற்கைக் குரல் என்று அறிந்து கேட்கும்போது அது கலை. அறியாதபடி மறைத்து ஒலிக்கும்போது அது ஆள்மாறாட்டம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேலி, இசைவும் அறிவிப்பும் ஆகிய இரண்டே.

இன்னொரு கேடும் உண்டு. போலிக் குரல் எளிதென்று உலகம் அறிந்தபின், மெய்யாகவே பேசியவரும் "அது என் குரலன்று" என்று கைகழுவ இடமேற்படுகிறது. ஆகவே நீதிமன்றங்களின் பொறுப்பு பெருகியிருக்கிறது. குற்ற விசாரணையில் ஒருவரைக் குரல் மாதிரி தருமாறு நடுவர் ஆணையிடலாம் என்று உச்சநீதிமன்றம் 2019 ஆகஸ்டில் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது. கணிப்பொறிச் சாதனங்களைக் கொண்டு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

சட்டம் குற்றம் நடந்தபின் வருவது. முன்னே வரவேண்டியது நம் விழிப்பு. விபத்து என்றும், காவல் நிலையத்தில் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்றும், உடனே பணம் அனுப்பு என்றும் மகனின் குரலில் ஓர் அழைப்பு வந்தால், தாய் செய்யவேண்டியது யாது? தொலைபேசியை வைத்துவிட்டு, தமக்கு முன்பே தெரிந்த மகனின் எண்ணுக்குத் தாமே அழைக்கவேண்டும். வந்த எண்ணுக்கே திரும்ப அழைப்பது போதாது. திரையிலே தோன்றும் எண்ணையும் பொய்யாக்க முடியும். குடும்பத்துக்குள் ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்வதும் நல்லது. அது நேரில் கூடியிருக்கும்போது தேர்ந்தெடுத்ததாக இருக்கவேண்டும். அழைத்தவர் தாமே சொல்லக்கூடாது, கேட்பவர் வினவிப் பெறவேண்டும். பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்னும் எண்ணுக்கு அக்கணமே தெரிவிக்கவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் வஞ்சகனுக்கு இலாபம்.

மாணவ நண்பர்களே, இவற்றை உங்கள் வீட்டிலுள்ள முதியோர்க்கு எடுத்துச் சொல்லும் கடமை உங்களுடையது. ஆனால் சொல்லும் முறையிலே கவனம் தேவை. யாரையும் நம்பாதீர்கள் என்று அச்சுறுத்தினால், பெற்ற பிள்ளையின் குரலையும் சந்தேகிக்கும் துன்பத்தில் அவர்களைத் தள்ளிவிடுவோம். அன்புக்குக் குரல் ஒன்றே போதும். பணத்துக்கு மட்டும் இன்னொரு சாட்சி வேண்டும் என்று சொல்லுங்கள். மகன் திரும்ப அழைத்துச் சரிபார்க்கும் தாயைக் கடிந்துகொள்ளாமல், நன்று செய்தாய் அம்மா என்று பாராட்டும் பழக்கம் நம் வீடுகளில் வேரூன்றவேண்டும்.

உங்களுள் சிலர் நாளை இத்தகைய யந்திரங்களை அமைக்கும் பொறியியல் வல்லுநர் ஆவீர்கள். வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். வஞ்சகன் வந்தால் என்ன செய்யும், சளி பிடித்த கிழவி வந்தால் என்ன செய்யும் என்னும் இரண்டு வினாக்களையும் கேளுங்கள். முதல் வினாவை மறந்த யந்திரம் திருடனுக்குத் துணைபோகும். இரண்டாவதை மறந்த யந்திரம் ஏழைக்குக் கதவடைக்கும். இரண்டுக்கும் விடை கண்டவனே நல்ல பூட்டுச் செய்பவன் ஆவான்.